லாரி ஜெனரேட்டரும் ஒரு கேசட்டும்

மேலக்குளம், கமுதி வழி
2.2.2003

அன்புள்ள அப்பாவுக்கு,

விஜி எழுதுவது. இங்கே நான், அத்தை, சரவணன் மூன்று பேரும் நலம். அத்தைக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை. உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? ராத்திரிக் குளிருக்குப் போர்வை இருக்கிறதா?

இந்த வெள்ளிக்கிழமையும் ராதா அக்கா வீட்டில் போய் உட்கார்ந்திருந்தேன். உங்கள் போன் வரவில்லை. பொங்கலுக்காவது கூப்பிடுவீர்கள் என்று அத்தை புதுச் சேலை கட்டிக்கொண்டு என்னோடு வந்தது, என்னமோ போனில் சேலை தெரியும் என்பது மாதிரி. ராதா அக்கா பாவம், எங்களுக்குக் காபி போட்டே அலுத்துவிட்டது. தீபாவளிக்குக் கடைசியாகக் கூப்பிட்டீர்கள். அப்போதும் நான் பேசிக்கொண்டே இருக்கும்போது லைன் சரியில்லை என்று வைத்துவிட்டீர்கள். ராதா அக்கா வீட்டு லைனில் அன்றைக்கு ஒரு கோளாறும் இல்லை அப்பா.

எனக்கு உங்களிடம் பேச வேண்டும். ஒரே ஒரு வெள்ளிக்கிழமை கூப்பிடுங்கள்.

இனி அத்தை சொல்லச் சொல்ல எழுதுவது: "தம்பி, சரவணனுக்கு வயசு ஏறிக்கிட்டே போகுது. விஜிக்கும் இந்த வருசம் காலேஜு முடியுது. கையில வெண்ணெய வச்சுக்கிட்டு வெளியில பொண்ணு தேட எனக்கு மனசில்ல. நான் வளத்த பிள்ள என் வீட்டுலயே இருக்கட்டும். நீ என்ன சொல்றியோ அதுதான். உன் வார்த்தைக்கு மேல எனக்கு ஒரு வார்த்தை கிடையாது."

சொல்லி முடித்துவிட்டுக் கடிதத்தை வாங்கிக்கொள்ளப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. "எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு இஷ்டத்துக்கு எழுதிடுற" என்று சொல்லி, ராதா அக்காவிடம் இன்னொரு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் ஒட்ட விடும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள்
விஜி

●

ராஸ் அல் கைமா
24.2.2003

அன்பு மகள் விஜிக்கு,

அப்பா எழுதியது. நான் சுகமாக இருக்கிறேன். போர்வை இரண்டு இருக்கிறது. அக்காவின் காலுக்கு இங்கிருந்து தைலம் வாங்கி வைத்திருக்கிறேன், யாராவது லீவில் வந்தால் கொடுத்துவிடுகிறேன். சரவணகுமாரின் லேத் பட்டறையில் வேலை இருக்கிறதா?

போன் விஷயம் சொல்கிறேன், கோபப்படாதே. எங்கள் கேம்ப் மலையடிவாரத்துக்கு மாறிவிட்டது. போன் பூத்தில் வெள்ளிக்கிழமை நிற்கிற கூட்டத்தைப் பார்த்தால் உனக்கே பாவமாக இருக்கும். நாம் வாயைத் திறந்ததும் பின்னாலிருந்து "யல்லா, யல்லா", சீக்கிரம் முடி என்று முதுகில் இடிக்கிறான். பேசியது பாதி, விட்டது பாதி என்று ரூமுக்கு வந்து படுத்தால் தூக்கமா வரும்? கடிதம் என்றால் எத்தனை தடவை வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். எழுது தாயி. பக்கம் பக்கமாக எழுது.

இங்கே எனக்குப் புது வேலை. நீ பிசிக்ஸ் படிக்கிறவள், உனக்குப் பிடிக்கும். குவாரியில் பெரிய மெஷின் படுத்துவிட்டால் அது பட்டறைக்கு வராது, பட்டறைதான் அதனிடம் போக வேண்டும். அதற்காகத்தான் எங்கள் சர்வீஸ் லாரி. வெல்டிங்குக்கும் லைட்டுக்கும் வேண்டிய கரண்டை லாரியிலேயே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். முன்பு பின்னால் தனியாக ஒரு டீசல் ஜெனரேட்டர் இருந்தது. சுண்ணாம்புத் தூசியைத் தின்று தின்று அது எப்போது பார்த்தாலும் படுத்துக்கொள்ளும். அதைக் கழற்றிப் போட்டுவிட்டோம். இப்போது லாரியின் கியர் பாக்ஸே ஒரு ஆயில் பம்பை ஓட்டுகிறது. பம்பு ஆயிலை அழுத்திக் குழாயில் தள்ளும். அந்த ஆயில் போய் ஒரு மோட்டாரைச் சுற்றும், மோட்டார் ஜெனரேட்டரைச் சுற்றும்.

சூட்சுமம் நடுவில் இருக்கிற வால்வில். இன்ஜின் மெதுவாக ஓடினாலும் சரி, டிரைவர் மிதித்துக் கத்தவிட்டாலும் சரி, அந்த வால்வு வேண்டிய அளவு ஆயிலை மட்டும் மோட்டாருக்கு விட்டுவிட்டு மிச்சத்தை டேங்குக்கே திருப்பிவிடும். இன்ஜின் படுகிற பாடு எதுவும் ஜெனரேட்டருக்குத் தெரியாது. அது பாட்டுக்கு ஒரே சீராக ஓடும். வெல்டர் கௌஸ் முகம்மது, நம் கமுதிக்காரன்தான், இதைப் பார்த்துவிட்டு, இப்படி ஒரு வால்வை நம் ஃபோர்மேனுக்கும் மாட்டினால் நன்றாக இருக்கும் என்கிறான்.

அந்தப் பம்புக்குப் பக்கத்தில்தான் நாளெல்லாம் எனக்கு டூட்டி.

அக்கா சொன்ன விஷயம் நல்ல விஷயம்தான். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்.

அன்புடன்
அப்பா, சேதுபதி

●

ராஸ் அல் கைமா
7.3.2003

நண்பர் ஜெய்னு பாய்க்கு,

சேதுபதி எழுதியது. நான் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஷார்ஜா பட்டறையில் ஒரே ரூமில், ஒரே சட்டியில் தின்றவனிடம் அந்தப் பொய் எதற்கு என்று நிறுத்திவிட்டேன். தோஹா தொழில்பேட்டையில் நீ சுகமாக இருக்கிறாயா? சர்க்கரை எப்படி இருக்கிறது?

பாய், எனக்குக் காது போய்விட்டது. இரண்டு வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் போய், இந்தப் பம்பு வேலைக்கு வந்ததிலிருந்து மிச்சமும் போய்விட்டது. மலையில் வெடி வைத்தால் தெரிகிறது, லாரி ஹாரன் தெரிகிறது. மனுஷர்கள் பேச்சு மட்டும் தெரியவில்லை. உதடு அசைகிறது, அவ்வளவுதான். ஆனால் அமைதியாக இருக்கிறது என்று நினைத்துவிடாதே. படுத்தால் காதுக்குள் அந்தப் பம்பு ஓடிக்கொண்டே இருக்கிறது. அதை நிறுத்துகிற சுவிட்சு எங்கே என்றுதான் தெரியவில்லை.

வேலையில் யாருக்கும் தெரியாது. குவாரியில் எல்லாருமே கையால்தானே பேசுகிறோம். ரூம்தான் கஷ்டம். எல்லாரும் சிரித்தால் நானும் சிரிப்பேன். ஒரு நாள் ஒருத்தன் தன் அம்மா இறந்துபோன செய்தியைச் சொல்லியிருக்கிறான், அதற்கும் தலையை ஆட்டிக்கொண்டு பல்லைக் காட்டியிருக்கிறேன். அவன் முகத்தைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. அதிலிருந்து சாப்பிட்டதும் போர்வையை இழுத்துப் போர்த்திப் படுத்துவிடுகிறேன். எட்டுப் பேர் இருக்கிற ரூமில் இப்படி ஒருத்தன் தனியாக இருக்க முடியும் என்று எனக்கே தெரியாது.

போன வாரம் பம்பு போய்விட்டது. டேங்கிலிருந்து ஆயிலை இழுக்கிற குழாயில் கிளாம்பு தளர்ந்து காற்றை இழுத்திருக்கிறது. பம்பு அலறியிருக்கிறது. கிரஷரிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்களாம். நான் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஃபோர்மேன் வந்து தோளைப் பிடித்து உலுக்கினான். தூங்கிட்டியா என்று உதட்டில் தெரிந்தது. ஆமாம் என்றேன். தூங்கினவனுக்கு வார்னிங்தான். செவிடன் என்று தெரிந்தால் கலாஸ், வேலை முடிந்தது, அடுத்த பிளைட்டில் ஏற்றிவிடுவான்.

காற்று கலந்தால் பம்புச் சத்தம் மாறும் என்று நீதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தாய். காது இல்லாதவன் அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்றும் நீயே சொல்லு.

விஜிக்குச் சொல்லவில்லை. இது அவளுக்குக் கடைசி வருஷம். சொன்னால் படிப்பைப் போட்டுவிட்டு, கிளம்பி வாங்க அப்பா என்று ஒற்றைக் காலில் நிற்பாள். போனைத்தான் நிறுத்திவிட்டேன்.

சேதுபதி

●

தோஹா
22.3.2003

அன்பு சேதுபதிக்கு ஜெய்னுலாப்தீன் சலாம் சொல்லி எழுதிக்கொள்வது.

அல்லாஹ் காவலில் நான் சுகம். சர்க்கரை இருக்கிற இடத்தில் இருக்கிறது. உன் கடிதம் படித்துவிட்டு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. உன்னை நேரில் பார்த்தால் நாலு அறை கொடுப்பேன். பஞ்சாவது வைத்துக்கொள் என்று ஷார்ஜாவிலேயே தலைதலையாக அடித்துக்கொண்டேனே, கேட்டாயா?

முதலில் வேலையைச் சொல்கிறேன். காது போனால் என்ன, கை எதற்கு இருக்கிறது? டேங்கிலிருந்து பம்புக்குப் போகிற குழாய்மேல் உள்ளங்கையை வை. ஆயில் மட்டும் போனால் குழாய் சாதுவாக இருக்கும். காற்று கலந்தால் உள்ளே பொடிக்கல் உருள்வது மாதிரி விட்டு விட்டு அதிரும். டேங்கைத் திறந்து பார்த்தால் நுரை தட்டியிருக்கும். கிளாம்பை தினமும் இறுக்கு. வெயில் ஏறினால் ஆயில் தண்ணீர் மாதிரி இளகி ஜெனரேட்டர் வேகம் குறையும், ஆயில் கூலரில் அடைக்கிற சுண்ணாம்பைக் காலையும் மாலையும் ஊதிவிடு.

இப்போது மற்ற வேலை. டாக்டரிடம் போ. மகளுக்குச் சொல். "மாப்ளே, தெரியாததுக்கெல்லாம் தலைய ஆட்டிக்கிட்டே இருந்தீன்னா, ஒரு நாளைக்கு எதுக்கு ஆட்டினோம்னே தெரியாமப் போயிரும்" என்று உன் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும் போல இருக்கிறது. எழுத்தில் சொல்கிறேன்.

துஆவுடன்
ஜெய்னுலாப்தீன்

●

மேலக்குளம்
12.4.2003

அன்புள்ள அப்பாவுக்கு,

விஜி எழுதுவது. நாங்கள் நலம். நீங்கள் நலமா? டிவியில் ஈராக் சண்டையைக் காட்டும்போதெல்லாம் அத்தை எழுந்து போய் சாமி படத்துக்கு முன்னால் நின்றுகொள்கிறது. உங்கள் ஊர் தூரம் என்று சொன்னாலும் நம்பவில்லை.

லீவில் வந்த கௌஸ் மாமா தைலத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் திரும்பும்போது இந்தக் கடிதத்தோடு நாரத்தங்காய் ஊறுகாயும், ஒரு கேசட்டும் கொடுத்துவிடுகிறேன். நீங்கள்தான் போனுக்கு வருவதில்லையே, அதனால் சரவணனின் டேப்பில் பேசிப் பதிந்திருக்கிறோம். முதல் பக்கம் முழுக்க அத்தை. கோழி முட்டையிட்டது வரைக்கும் சொல்லியிருக்கிறது. இரண்டாம் பக்கம் நான். இரண்டு பக்கமும் கேளுங்கள் அப்பா. ரூமில் எல்லாரும் இருக்கும்போது வேண்டாம், தனியாக இருக்கும்போது கேளுங்கள். கேட்ட உடனே பதில் எழுதுங்கள்.

அத்தை சொல்லி எழுதுவது: "தம்பி, யோசிக்கிறேன்னு எழுதி எம்புட்டு நாளாச்சு. ஆவணியில நல்ல நாளு இருக்காம். சம்மதம்னு ஒரு வார்த்தை எழுது, மிச்சத்த நான் பாத்துக்கிறேன். வேண்டாம்னாலும் எழுது, நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

கடைசி வரியை அத்தை தானாகத்தான் சொன்னது. நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்
விஜி

●

ராஸ் அல் கைமா
9.5.2003

அன்பு மகள் விஜிக்கு,

அப்பா எழுதியது. நான் நலம். சண்டை எங்கோ நடந்து எப்போதோ முடிந்துவிட்டது, அக்காவைப் பயப்படாமல் இருக்கச் சொல். ஊறுகாய் வந்து சேர்ந்தது. ரூமில் எல்லாரும் விரலை விட்டு வழித்ததில் மூன்றே நாளில் ஜாடி காலி.

கேசட்டைக் கேட்டேன். நீ சொன்ன மாதிரியே எல்லாரும் கடைக்குப் போயிருந்தபோது தனியாகப் போட்டுக் கேட்டேன். இரண்டு பக்கமும் கேட்டேன். உன் குரலைக் கேட்டது மனசுக்கு நிறைவாக இருந்தது. நீ சொன்னதெல்லாம் சந்தோஷம்.

கல்யாண விஷயத்தில் எனக்கு வேறு யோசனை கிடையாது. அம்மா இல்லாத பிள்ளையை அக்காதான் வளர்த்தது. அக்காவின் விருப்பம்தான் என் விருப்பம். எனக்கு முழுச் சம்மதம். ஆவணியிலேயே நாள் குறிக்கச் சொல். எனக்கு அப்போது லீவு கிடைக்காது, நான் வரும்வரை தள்ளிப் போட வேண்டாம். நீயும் சரவணகுமாரும் சந்தோஷமாக இருந்தால் எனக்கு அது போதும்.

வெயில் ஏறிவிட்டது. லாரி நன்றாக ஓடுகிறது.

அன்புடன்
அப்பா

●

மேலக்குளம்
5.6.2003

அப்பாவுக்கு,

விஜி. உங்கள் கடிதத்தை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். சம்மதம் என்கிற வரியைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டு அழுதது, சந்தோஷத்தில். ஆவணி இருபதாம் தேதி நாள் குறித்தாகிவிட்டது. சரவணன் அன்றைக்குப் பட்டறைக்குப் போனவன் இரண்டு நாள் வீட்டுக்கு வரவில்லை.

இந்தக் கடிதத்தை அத்தைக்குப் படித்துக் காட்டவில்லை. பரீட்சை ஹால் டிக்கெட் வாங்கப் போகும்போது கமுதியில் நானே போட்டுவிடுவேன்.

இரண்டு பக்கமும் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். தனியாகக் கேட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். சந்தோஷம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதற்குமேல் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அவ்வளவையும் கேட்டுவிட்டு ஒருத்தர் இப்படி எழுத முடியும் என்று நான் நினைக்கவே இல்லை. இன்ஜின் படுகிற பாடு எதுவும் ஜெனரேட்டருக்குத் தெரியாது என்று லாரியைப் பற்றி எழுதியிருந்தீர்களே, அதை நான் அப்போது லாரியைப் பற்றி என்றுதான் நினைத்தேன்.

இனி அத்தை சொல்வதை ராதா அக்கா எழுதிப் போடும். எனக்குப் பரீட்சை இருக்கிறது, கல்யாண வேலை இருக்கிறது.

விஜி

●

ராஸ் அல் கைமா
28.6.2003

அன்பு மகள் விஜிக்கு,

அப்பா எழுதியது. உன் கடிதம் கிடைத்தது. எப்போதும் நலமா என்று கேட்பாய், இந்தத் தடவை கேட்கவில்லை. உனக்கு உடம்பு சரியில்லையா? பரீட்சைப் பயமா? அப்பா மேல் ஏதோ கோபம் என்று தெரிகிறது, எதற்கு என்றுதான் தெரியவில்லை. லீவு எடுத்து வரவில்லை என்றா? நீ வா என்று ஒரு வரி எழுது, ஃபோர்மேன் காலைப் பிடித்தாவது கேட்டுப் பார்க்கிறேன்.

சரவணகுமார் ஏன் வீட்டுக்கு வரவில்லை? பட்டறையில் சண்டையா?

ஒரு வரியாவது எழுது தாயி. டூட்டி முடிந்து வந்ததும் முதலில் ஆபீஸ் ஜன்னலில் தபால் பார்த்துவிட்டுத்தான் கை கழுவுகிறேன்.

அப்பா

●

ராஸ் அல் கைமா
18.7.2003

நண்பர் ஜெய்னு பாய்க்கு,

சேதுபதி எழுதியது. சுகமா? நான் சுகமில்லை. நீ எழுதியது அப்படியே நடந்துவிட்டது. எதற்குத் தலையாட்டினேன் என்று எனக்குத் தெரியவில்லை.

இதோடு ஒரு கேசட் வைத்திருக்கிறேன். விஜி அனுப்பியது. வந்தபோது போட்டுப் பார்த்தேன், வழக்கம்போல் ஒன்றும் கேட்கவில்லை. போனிலும் அக்கா எப்போதும் கோழிக் கதை, ஆட்டுக் கதைதான் பேசும். இதுவும் அப்படித்தான் என்று, கேட்டேன், சந்தோஷம் என்று எழுதிவிட்டேன். அவளை சரவணகுமாருக்குக் கட்டிவைக்க அக்கா கேட்டிருந்தது, அதற்கும் சம்மதம் எழுதிவிட்டேன். அதன் பிறகு அவளிடமிருந்து காரமாக ஒரு கடிதம் வந்தது. அப்புறம் கடிதமே இல்லை. கல்யாணத்துக்கு நாள் நெருங்குகிறது.

போன வெள்ளிக்கிழமை யாரும் இல்லாதபோது மறுபடியும் போட்டேன். பம்புக் குழாய்மேல் கை வைக்கச் சொன்னாயே, அதே மாதிரி டேப்பை நெஞ்சில் வைத்துக்கொண்டு ஸ்பீக்கர்மேல் உள்ளங்கையை வைத்தேன். முதல் பக்கம் நிற்காமல் அதிர்ந்தது, அது அக்காதான். இரண்டாம் பக்கம் கொஞ்சம் அதிர்ந்தது. பிறகு ஒன்றும் இல்லை. மறுபடி கொஞ்சம். விட்டு விட்டு வந்தது. குழாயில் காற்று கலந்தால் கைக்கு எப்படித் தெரியுமோ, அப்படியே இருந்தது. பாய், என் மகள் அழுதிருக்கிறாள். அது மட்டும் எனக்குத் தெரிந்தது, ஏன் என்று தெரியவில்லை.

கௌஸ் முகம்மதைக் கேட்கச் சொல்லலாம். நல்லவன், ஆனால் எங்கள் ஊர்க்காரன். பெண்பிள்ளை விஷயம், அவன் காதில் விழ வேண்டாம் என்று பார்க்கிறேன். நீ கேட்டு, இருக்கிறதை இருக்கிறபடி எழுது. எனக்காக எதையும் குறைக்காதே.

சேதுபதி

●

தோஹா
6.8.2003

அன்பு சேதுபதிக்கு ஜெய்னுலாப்தீன் எழுதுவது.

கேசட் வந்தது. வண்டியில் கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தனியாகக் கேட்டேன். நிறுத்தி நிறுத்தி எழுதியிருக்கிறேன். இது உன் மகள் சொன்னது:

"அப்பா, அத்தை கோயிலுக்குப் போயிருக்கு. அதான் இப்ப பேசுறேன். இத எழுதிப் பாத்தேன் அப்பா, நாலு தாள் கிழிச்சேன். எழுதி வச்சா அத்தை மேல புகார் எழுதின மாதிரி இருக்கு. எனக்குச் சோறு போட்ட கை. அதனால வாயால சொல்றேன், கேட்டதும் அழிச்சிருங்க. எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்பா. சரவணன் கெட்டவன் இல்ல. தங்கமானவன். ஆனா நாலு வயசுலருந்து ஒரே தட்டுல அத்தை ஊட்டிவிட்டுச்சு எங்க ரெண்டு பேருக்கும். நான் இந்த வீட்டுல மகளா வளந்துட்டேன். மருமகளா இருக்க எனக்குத் தெரியல."

இங்கே கொஞ்ச நேரம் பேச்சில்லை. அழுகிறாள். நீ கையால் தெரிந்துகொண்டது சரிதான்.

பிறகு ஒரு பையன் குரல்: "மாமா, சரவணன் பேசுறேன். அவ எனக்குத் தங்கச்சியாத்தான் தெரியுறா. அம்மாகிட்ட சொன்னேன், போகப் போகச் சரியாயிரும்ங்குது. நீங்க வேண்டாம்னு ஒரு வார்த்தை சொன்னா அம்மா கேக்கும். நாங்க சொன்னதா வேண்டாம், நீங்களா சொல்ற மாதிரி சொல்லுங்க மாமா."

மறுபடி விஜி: "அப்பா, உங்களத்தான் நம்பியிருக்கோம். நீங்க யோசிச்சு, இல்ல தாயி, இதுதான் நல்லதுன்னு எழுதினீங்கன்னா, நான் ஒண்ணும் சொல்லாமக் கட்டிக்கிருவேன். உங்களுக்குத் தெரியாதா எனக்கு எது நல்லதுன்னு. கேட்டுட்டு எழுதுங்க. நல்லாக் கேட்டுட்டு எழுதுங்க."

இவ்வளவுதான்.

இதற்குத்தான் நீ சந்தோஷம் என்று எழுதியிருக்கிறாய். உன்னைத் திட்ட எனக்கு இப்போது வாய் வரவில்லை.

உட்கார்ந்து கடிதம் எழுதாதே. போய்ச் சேருவதற்குள் பந்தக்கால் நட்டுவிடுவார்கள். போன் போடு. உனக்குத்தான் கேட்காது, அவளுக்குக் கேட்கும். அது போதும். கௌஸ் முகம்மதைக் கூட்டிக்கொண்டு போ. ஊர்க்காரன் என்றெல்லாம் பார்க்கிற நேரம் இது இல்லை.

ஜெய்னுலாப்தீன்

●

மேலக்குளம்
26.8.2003

அன்புள்ள அப்பாவுக்கு,

விஜி எழுதுவது. நான் நலம். அத்தை நலம். சரவணன் நலம். மூன்று பேரும் நிஜமாகவே நலம் அப்பா.

வெள்ளிக்கிழமை ராதா அக்கா ஓடி வந்து உங்களிடமிருந்து போன் என்றதும் நான் போகவில்லை. அவ்வளவு கோபம். அத்தைதான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனது. எடுத்தால் கௌஸ் மாமா. "விஜி, நீ பேசாதம்மா. அப்பாவுக்குக் காது கேக்காது. ஒனக்கு லைன் கெடச்சிருச்சுன்னு நான் அவர் தோள்ல தட்டுவேன், அவர் பேசுவாரு. நீ கேளு" என்றார்.

அப்புறம் உங்கள் குரல். எவ்வளவு சத்தம் அப்பா. ரிசீவரைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தும் ராதா அக்கா வீடு முழுக்கக் கேட்டது. "விஜி, தாயி, அப்பாவுக்கு ரெண்டு காதும் போச்சு. உன் கேசட்ட நான் கேக்கல. கேட்டேன்னு பொய் எழுதிட்டேன். இப்பத்தான் தெரியும். உனக்கு வேண்டாம்னா எனக்கும் வேண்டாம். அக்கா பக்கத்துல நிக்குதா, அக்கா, நான் சொல்றேன், இந்தக் கல்யாணம் வேண்டாம். என் மேல கோவப்படு, பிள்ளைங்க மேல படாத." அதையே மறுபடி மறுபடி சொன்னீர்கள். எனக்குக் கேட்டதா இல்லையா என்று உங்களுக்குத் தெரியவில்லை என்று எனக்குப் புரிந்தது. போதும், கேட்டுவிட்டது என்று சொல்லவும் எனக்கு வழியில்லை. உங்களுக்குப் பின்னால் யல்லா யல்லா என்று கத்திக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் அமைதியாகிவிட்டார்கள். அவ்வளவு பேருக்கும், உங்கள் ஃபோர்மேனுக்கும் அன்றைக்கே தெரிந்திருக்கும். அதுவும் எனக்குப் புரிந்தது.

அத்தை போனைப் பிடுங்கி, "ஏன்டா, காது போனத அக்காகிட்ட சொல்லணும்னு தோணலையா ஒனக்கு" என்று கத்தியது. நீங்கள் பாட்டுக்குக் கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதது. நான் பயந்தது மாதிரி கல்யாணத்துக்காக அழவில்லை. வீட்டுக்கு வந்ததும் நாள் குறித்த தாளைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டு, "அவன் அங்க தன்னந்தனியா என்ன பாடு பட்டானோ" என்றது. இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. நேற்று எனக்கும் சரவணனுக்கும் ஒரே தட்டில் சோறு போட்டு முன்னால் தள்ளிவிட்டுப் போனது. சரவணன் சாப்பிடாமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வந்துவிடுங்கள் அப்பா. அவர்கள் அனுப்பினாலும் சரி, நீங்களே கிளம்பினாலும் சரி. பட்டறையில் உங்களுக்கு இடம் இருக்கிறது என்று சரவணன் சொல்லச் சொன்னான். லேத்தில் கோளாறு என்றால் நீங்கள் கை வைத்தே சொல்லிவிடுவீர்கள் என்று கௌஸ் மாமா பட்டறைக்குப் போன் போட்டு அவனிடம் சொன்னாராம்.

நீங்கள் பேசி முடித்ததும் நான் ஒன்று கேட்டேன். கேட்காது என்று தெரிந்தும் வாய் தன்னால் கேட்டுவிட்டது. அந்தப் பக்கம் நீங்கள் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றீர்கள், பதில் சொல்லவில்லை. அதற்குள் லைன் போய்விட்டது. அதனால் எழுதிக் கேட்கிறேன்.

சாப்பிட்டீங்களா அப்பா?

விஜி